ரிப்பேர் பார்த்த கும்பகோணம் வீடு: விற்பதா, வாடகைக்கு விடுவதா?

(இணைய மன்ற உரையாடல். ரேழி, கணக்கன், சுண்ணாம்பு, மாமாங்கம் எல்லாம் எழுதியவர்களின் புனைபெயர்கள்.)

ரேழி | 14 ஜூன் 2025, காலை 7.10

கும்பகோணம் டவுனுக்குள் பழைய வீடு. முகப்பு 18 அடி, நீளம் 130 அடி. திண்ணை, ரேழி (வாசல் நடை), முற்றம், கூடம், இரண்டாம் கட்டு (பின்பகுதி), கொல்லை. அப்பா 1988-ல் சொந்த சம்பாத்தியத்தில் வாங்கியது. 2019-ல் காலமானார், உயில் இல்லை. அம்மா, நான், சிங்கப்பூரில் அண்ணன், திருச்சியில் தங்கை. 2022-23-ல் 18 லட்சம் செலவழித்து ரிப்பேர் பார்த்தோம். ஒருவர் 72 லட்சத்துக்குக் கேட்கிறார். வாடகைக்கு விட்டால் 13,000 வரும் என்கிறார்கள். நானும் அம்மாவும் சென்னையில். எது சரி?

கணக்கன் | 14 ஜூன், காலை 9.45

வாடகை வருஷத்துக்கு 1,56,000. 72 லட்சத்தில் அது 2.17 சதவீதம். சொத்து வரி, வருஷாந்தர மராமத்து, ஆள் மாறும்போது ஓரிரு மாசம் காலியாகக் கிடப்பது எல்லாம் போனால் ஒன்றரை சதவீதம் நின்றால் பெரிது. பேங்கில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டாலும் மூன்று மடங்குக்கு மேல். இதை மட்டும் பார்த்தால் டெல்டாவில் யாருமே வீட்டை வாடகைக்கு விடக் கூடாது.

ஆனால் 72 முழுசாகக் கைக்கு வராது. வருமான வரியில் வாடகைக்கு 30 சதவீதக் கழிவு உண்டு, பேங்க் வட்டிக்குக் கிடையாது. மனை விலை ஏறுவதையும் இந்தக் கணக்கு பிடிக்காது. முடிவு சொல்லும் முன் நான்கு காகிதம் வேண்டும்: 1988 பத்திரத்தின் சொத்து விவரப் பகுதி, 1988-க்கு முன்னாலிருந்து இன்று வரை வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டு நகல், ரிப்பேர் பில்கள்.

சுண்ணாம்பு | 14 ஜூன், பகல் 1.20

18 லட்சம் எதுல போச்சுன்னு பிரிச்சுச் சொல்லுங்க. 72 கேக்குற ஆளு அந்த ரிப்பேருக்குக் காசு குடுக்கல. 2,340 சதுர அடிக்கு வகுத்துப் பாருங்க, சதுர அடி 3,077 வருது. அவர் மனையைத்தான் கேக்குறார். 18 அடி முகப்புல ரெண்டு பக்கமும் பொதுச்சுவர் இருக்குற வீட்டை வாங்குறவர்ல பாதிப் பேரு இடிச்சுட்டு, கீழே கடையும் மேலே வீடுமா தூக்குறவங்கதான். உங்க புது டைல்ஸ் அவருக்கு ரப்பிஷ் அள்ற செலவு.

ரேழி | 15 ஜூன்

இரண்டாம் கட்டு ஓடு பிரித்து, அழுகின கைமரம் மாற்றி, திரும்ப மேய்ந்தது 4 லட்சம். முன்கட்டு மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய தளம்) மேல்தளம் கொத்தி சுர்க்கி (செங்கல் பொடி கலந்த சுண்ணாம்பு) போட்டது 3. இரண்டு பாத்ரூம், பாதாளச் சாக்கடை இணைப்பு 3. வயரிங் 2. தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் 2. பட்டி, பெயிண்ட், பாலிஷ் 4.

கணக்கன் | 15 ஜூன், இரவு

நல்லது, வரிக் கணக்கு இதிலிருந்துதான் தொடங்கும். முதல் ஐந்தும் சேர்ந்து 14 லட்சம். பில்லும் பேங்க் வழியே கொடுத்த ஆதாரமும் இருந்தால் மேம்பாட்டுச் செலவாகக் காட்டலாம். பட்டி, பெயிண்ட் 4 லட்சம் பராமரிப்பு, அது சேராது. மேஸ்திரிக்கு ரொக்கமாகக் கொடுத்த பங்குக்கு ஆதாரம் இல்லையென்றால் அதுவும் போச்சு.

வாரிசாக வந்த சொத்துக்கு அப்பா வைத்திருந்த காலமும் சேரும், ஆகவே நீண்டகால மூலதன ஆதாயம். 2001-க்கு முன் வாங்கியது என்பதால் 1988 விலைக்குப் பதில் 1.4.2001 சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த விலை) அது தாண்டக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள்.

23 ஜூலை 2024 முதல் விற்றால், விலைவாசிக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்திக்கொள்ளும் குறியீட்டு உயர்வு இல்லாமல், வரி 12.5 சதவீதம். அதற்கு முன் வாங்கிய மனை, வீட்டுக்கு, இந்தியாவில் வசிப்பவர் பழைய முறையில் குறியீட்டு உயர்வோடு 20 சதவீதம் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். 2001 மதிப்பு 6 லட்சம் என்று வைத்தால்:

12.5 முறை: 72 – 6 – 14 = 52 லட்சம் ஆதாயம், வரி 6.50 லட்சம்.

20 முறை: 2025-26 குறியீடு 376. ஆறு லட்சம் 22.56 ஆகிறது. 2022-23 குறியீடு 331, அதனால் 14 லட்சம் 15.90 ஆகிறது. ஆதாயம் 33.54, வரி 6.71 லட்சம்.

கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 2001 மதிப்பு 8 லட்சம் என்று நிலைநாட்ட முடிந்தால் 12.5 முறையில் 6.25, 20 முறையில் 5.20. இரண்டு லட்ச ரூபாய் மதிப்பு வித்தியாசம் எந்த முறை என்பதையே மாற்றிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல் 4 சதவீத செஸ்.

இதை நாலு பங்காகப் பிரித்துத்தான் கட்டுவீர்கள். அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அடிப்படை விலக்கில் மிச்சம் இருப்பது அவர் பங்கு ஆதாயத்தில் கழியும். பழைய வீட்டு ஆதாயத்தை வேறு வீட்டில் போட்டால் (வாங்க இரண்டு வருஷம், கட்ட மூன்று வருஷம்) வரி விலக்கு உண்டு. வீடு வேண்டாமென்றால் மூலதன ஆதாய வரிவிலக்குக் கடன்பத்திரம்: ஆறு மாதத்துக்குள், 50 லட்சம் வரை, ஐந்து வருஷம் எடுக்க முடியாது.

மாமாங்கம் | 16 ஜூன்

இவ்வளவு கணக்கு எதுக்கு சார்? வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி ரொக்கம். ஊர் முழுக்க அப்படித்தான். இல்லேன்னா 2028 மகாமகம் வரை வெச்சிருங்க, விலை எகிறும்.

கணக்கன் | 16 ஜூன்

ஊர் முழுக்க நடக்கிறது, ஊர் முழுக்க நோட்டீஸும் வருகிறது. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கினால் வாங்கின தொகை அளவுக்கே அபராதம். அதாவது 30 லட்சம் வாங்கினால் 30 லட்சம். பேங்க் கடன் போட்டு வாங்குபவருக்கும் இது சரிப்படாது. பத்திரத்தில் உள்ள விலையை வைத்துத்தான் கடன். ரொக்கத்துக்கு ஒத்துக்கொள்ளும் ஆள், பத்திரச் செலவு 9 சதவீதத்தை (முத்திரை 7, பதிவு 2) மிச்சம் பிடிக்கிறார். அவருடைய மிச்சத்துக்கு உங்கள் கழுத்து.

2028 பற்றி: 2016-லும் இதேதான் சொன்னார்கள். மகாமகத்துக்கு வீட்டு வாடகை பத்து நாள் எகிறும். மனை விலை அதற்காக பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குவதில்லை. உங்கள் பெயர் பொருத்தம்தான் ஐயா.

சுண்ணாம்பு | 18 ஜூன்

பட்டி, பெயிண்ட் நாலு லட்சம்னு பாத்ததும் வயித்தக் கலக்குது. சுவர் சுண்ணாம்புச் சாந்துக் கட்டு. அடியில மூணு அடிக்கு சிமெண்ட் பூசி மேல பட்டி வெச்சிருந்தா, ஐப்பசியில தரைப் பதம் மேல ஏறும்போது வெளிய மூச்சு விட வழியில்ல. சிமெண்டுக்கு மேல, மூணரை அடி நாலடி உயரத்துல உப்பு பூத்துப் பொரியும். பாக்க வர்றவர் கையால தடவிப் பாத்தாலே போதும், விலையில ரெண்டு மூணு லட்சம் குறைச்சுடுவார். குடி வர்றவர் பீரோவ அந்தச் சுவத்தோட ஒட்டி வெச்சு, தைக்குள்ள துணியெல்லாம் பூஞ்சைன்னு சண்டைக்கு வருவார். சிமெண்டக் கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்பும் மணலும் ஒண்ணுக்கு மூணு போட்டுப் பூசி, சுண்ணாம்பே அடிச்சு விடுங்க. விற்கிறதா இருந்தா செய்ய வேணாம், வாடகைக்குன்னா செஞ்சாகணும்.

இன்னொண்ணு. விட்ரிஃபைட பழைய தரையை எடுக்காம மேலயே ஒட்டினாங்களா? அப்படின்னா தரை ஒண்ணரை அங்குலம் உசந்திருக்கும். முற்றத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவுல இருக்குற கட்டைச் சுவர் அந்த அளவு குட்டையாயிடுச்சு. பெருமழையில முற்றத்துத் தூம்பு (தண்ணி வெளிய போற ஓட்டை) ஒரு இலை அடைச்சாலும் தண்ணி நேரா கூடத்துக்கு. தூம்பு வாயில நாலு அங்குல பி.வி.சி., மேல கழட்டி மாட்டுற கம்பி வலை, தெருச் சாக்கடைக்கு வாட்டம் பத்து அடிக்கு ஒண்ணரை அங்குலமாவது. தெருவுக்கு மேல மேல தார் போட்டு ரேழிய விட ரோடு உசந்திருந்தா அந்த வாட்டமே கிடைக்காது. அதையும் அளந்து சொல்லுங்க.

ரேழி | 21 ஜூன்

மேலேயே ஒட்டினதுதான். ரோடு திண்ணைக்கு இரண்டு அங்குலம் கீழே, ரேழிக்கு சமமாக இருக்கிறது. அண்ணன் விற்கத்தான் சொல்கிறார்.

கணக்கன் | 21 ஜூன்

அண்ணன் பங்கு தனிப் பிரச்சினை. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த 20 சதவீதத் தேர்வு கிடையாது, 12.5 மட்டும். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் மற்ற மூவருக்கும் வாங்குபவர் 1 சதவீதம் வரியாகப் பிடித்துக் கட்டுவார். அண்ணன் பங்கான 18 லட்சத்தில் 13 சதவீதம், அதாவது 2.34 லட்சம் பிடிப்பார். உண்மையான வரி அவருக்கு 1.69 தான் வரும். ஆகவே பத்திரத்துக்கு முன்பே வருமான வரித் துறையில் விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்குங்கள். சில வாரங்கள் ஆகும். முன்பண ஒப்பந்தத்தில் அந்த அவகாசத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி அத்தாட்சி வாங்கி அனுப்பட்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். பவர் பீரோவில் தூங்கி நாள் கடந்துபோவது இந்த ஊரில் அடிக்கடி நடக்கிற கதை.

வாடகைக்கு விட்டாலும் அண்ணன் பங்குப் பிரச்சினை விடாது: அவர் பங்கு வாடகைக்குக் குடியிருப்பவர் 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். 13,000 ரூபாய் வாடகைக்கு வருகிற பள்ளிக்கூட வாத்தியாரிடம் இதைச் சொன்னால் ஓடிவிடுவார். அண்ணன் தன் பாகத்தை அம்மா பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால் சுலபம். குடும்பத்துக்குள் முத்திரை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. ஆனால் இன்று விடுதலை எழுதி, அடுத்த மாதம் விற்று, பணத்தை அண்ணனுக்கே அனுப்பினால் வரித் துறை அதைக் கேள்வி கேட்கும். வைத்திருக்கப் போகிறவர்களுக்கான வழி இது.

ரேழி | 29 ஜூன்

பத்திரம் கிடைத்தது. சொத்து விவரம்: "...இந்த நான்கெல்லைக்குள்பட்ட பன்னிரண்டரைக் குழி மனையும் அதிலடங்கிய ஓட்டு வீடும், மேற்படி வீட்டுக்குச் சேர்ந்த கொல்லை அனுபோகமும்."

கணக்கன் | 29 ஜூன், பத்து நிமிஷம் கழித்து

முன்பணம் வாங்கியிருந்தால் இன்றே திருப்பிக் கொடுங்கள். வாங்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.

தஞ்சாவூர்க் குழி 144 சதுர அடி. பன்னிரண்டரைக் குழி என்றால் 1,800 சதுர அடி. 18 அடி அகலத்துக்கு நீளம் 100 அடிதான். நீங்கள் டேப் பிடித்து 130 அடி என்கிறீர்கள், அது பதினாறேகால் குழி. மூன்றேமுக்கால் குழி கொல்லையை அப்பா கிரயம் வாங்கவே இல்லை. "அனுபோகம்" (அனுபவிக்கும் உரிமை மட்டும்) என்று தனியாகப் பிரித்து எழுதினால் பெரும்பாலும் அடிமனை (அடியில் உள்ள நிலம்) கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கும். நகர நில அளவைப் பதிவேட்டை எடுங்கள். கொல்லைக்குத் தனி சர்வே எண் இருக்கும்.

ரேழி | 4 ஜூலை

சரியாகச் சொன்னீர்கள். முன் 100 அடி அப்பாவுக்கு முந்தைய யாரோ உரிமையாளர் பெயரில், பின் 30 அடி கோயில் பெயரில். அம்மா சொல்கிறார், அப்பா வருஷா வருஷம் கோயிலில் ஏதோ பணம் கட்டுவார் என்று. 2019-க்குப் பிறகு கட்டவில்லை. வாங்க வந்தவர் இன்னும் 72 என்றுதான் சொல்கிறார், "பின்னால் பார்த்துக்கலாம்" என்கிறார்.

கணக்கன் | 5 ஜூலை

அவர் பார்த்துக்கொள்ள மாட்டார், உங்களைப் பார்க்க வைப்பார். கோயில் சொத்தை ஆணையர் அனுமதியின்றி விற்பதோ ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதோ அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவில் செல்லாது. பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி, தடையின்மைச் சான்று இல்லாமல் சார்பதிவாளர் பதிய மாட்டார். எத்தனை வருஷம் ஆண்டாலும் கோயில் மனைக்கு அனுபோக பாத்தியம் பேச முடியாது. 109ஆம் பிரிவு அந்த வழியை அடைக்கிறது. இரண்டு சர்வே எண்ணையும் ஒரே பத்திரத்தில் போட்டால் முன்பக்கமும் சேர்ந்து நிற்கும்.

செய்ய வேண்டியது: அப்பா கட்டின பழைய ரசீது ஒன்றாவது தேடி எடுத்து, இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு கோயில் அலுவலகம் போய், வாரிசு என்ற முறையில் அடிமனை வாடகையைப் பெயர் மாற்றக் கேளுங்கள். பாக்கியைக் கேட்பார்கள். நியாய வாடகை திருத்தியிருந்தால் அப்பா கட்டியதை விடப் பல மடங்கு இருக்கும். தயங்காமல் எழுத்தில் கணக்கு கேட்டு வாங்குங்கள். பாக்கியோடு கிடந்தால் ஆக்கிரமிப்பாளர் என்று 78ஆம் பிரிவில் நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

கூடவே முன் 100 அடிக்குப் பட்டாவை உங்கள் நால்வர் பெயருக்கு மாற்றுங்கள். யாரோ முந்தையவர் பெயரில் பட்டா இருக்கும்போது எந்த பேங்கும் கடன் தராது, அதாவது கடன் போட்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் உங்கள் பட்டியலிலிருந்து போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது ரொக்கக்காரர்கள்.

சுண்ணாம்பு | 5 ஜூலை

கொல்லையில என்னென்ன இருக்கு? கிணறு, போர், செப்டிக் டேங்க்?

ரேழி | 5 ஜூலை

கிணறும் போரும். செப்டிக் டேங்க் இப்போது இல்லை, பாதாளச் சாக்கடை முன்பக்கம் தெருவில்.

சுண்ணாம்பு | 6 ஜூலை

தப்பிச்சீங்க. கழிவு முன்பக்கம் போறதால 100 அடி வீடு தனியா நிக்கும். தண்ணிக்கு மட்டும் முற்றத்துல புதுசா ஒரு போர் இறக்கிட்டா கொல்லையை நம்ப வேணாம். 18 அடி முகப்பு வீட்டுல முற்றம் வரைக்கும் போர் வண்டி நுழையாது, கையால திருகி இறக்குற செட்டுதான். இரண்டாம் கட்டுப் பின்சுவத்துல கொல்லைக்குப் போற கதவு இருக்குமே, அதை அடைக்க வேணாம், பூட்டு போதும்.

கணக்கன் | 6 ஜூலை, இரவு

இப்போது கேள்வியே மாறிவிட்டது. விற்கக் கூடியது 1,800 சதுர அடி. அதே 3,077 விலைக்கு 55.4 லட்சம். கொல்லை இல்லாத வீட்டுக்கு அதே விலை தரமாட்டார்கள், ஐம்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2001 மதிப்பையும் 1,800 அடிக்குத்தான் போட வேண்டும். பட்டா மாறும் வரை அந்த ஐம்பதும் நாற்பத்தைந்தாகத்தான் கேட்கப்படும். காகிதம் சரியாகும்வரை விற்காதீர்கள். அதுவரை முன்பகுதியை மட்டும் வாடகைக்கு விடுங்கள். கொல்லையைச் சேர்த்து விட்டால் கோயில் மனையில் உள்வாடகை என்று அதற்கு வேறு நோட்டீஸ் வரும்.

மாமாங்கம் | 8 ஜூலை

வாடகை எதுக்கு? ஒத்திக்கு விடுங்க, எட்டு லட்சம் மொத்தமா வரும். இல்ல ஹோம் ஸ்டே. நவக்கிரகக் கோயில் சுத்த வர்றவங்க, திருக்கடையூர் அறுபதாம் கல்யாணத்துக்கு வர்றவங்கன்னு கூட்டம் குறையாதே.

கணக்கன் | 8 ஜூலை

ஒத்தி என்றால் அடமானம். பதிய வேண்டும், பதிந்தால் வில்லங்கத்தில் ஏறும், எட்டு லட்சத்தைத் திருப்பித் தரும்வரை வீட்டை விற்கவோ காலி செய்யச் சொல்லவோ முடியாது. விற்கக் காத்திருப்பவருக்கு இது வேண்டாத கயிறு.

ஹோம் ஸ்டே என்றால் குடும்பம் அங்கேயே இருந்து நடத்துவது. வெளிநாட்டு விருந்தாளி வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். முகூர்த்த நாளில் கூட்டம், ஆடியிலும் மார்கழியிலும் பாய் விரித்துப் படுத்திருக்கலாம். சென்னையிலிருந்து போனில் நடத்தும் வேலை இல்லை.

ரேழி | 20 ஜூலை

அண்ணன் அம்மா பெயருக்கு விடுதலை எழுத ஒப்புக்கொண்டார். கோயில் அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று. வாடகைக்கே விடுகிறோம். ஆவணியில் ஆள் பார்க்கிறோம். ஒப்பந்தத்தில் என்ன எழுத?

கணக்கன் | 21 ஜூலை

ஆவணி சரி, ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆனால் இந்த ஒப்பந்தத்தை வைகாசியில் முடியும்படி 9 மாதத்துக்குப் போடுங்கள். பள்ளிக்கூடம் திறக்கும் முன் தேடுகிறவர்கள்தான் நிலைத்து இருப்பவர்கள். ஆனி கடைசியில் காலியானால் ஆடி முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும்.

2017 வாடகைச் சட்டம் 22 பிப்ரவரி 2019 முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம்; வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிந்து எண் வாங்குங்கள். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பிறகு அவரிடம் போய் நிற்க முடியாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினாலொழிய முன்பணம் மூன்று மாத வாடகை, அதாவது 39,000.

மராமத்து யார் தலையில் என்பதைச் சட்டத்தின் அட்டவணையே பிரிக்கிறது: கட்டுமான வேலை, வெள்ளையடிப்பு, குழாய் லைன் மாற்றுவது உங்களுடையது, குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச் அவருடையது. முற்றத்துத் தூம்பை யார் சுத்தம் செய்வது என்று எழுதாவிட்டால் ஐப்பசியில் இருவரும் அவரவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பீர்கள். அவர் என்று எழுதுங்கள்.

சொத்து விவரத்தில் "1,800 சதுர அடி, பின்சுவர் வரை" என்று எழுதி, வரைபடம் இணைத்து, கொல்லைக் கதவுச் சாவி உங்களிடம் என்று ஒரு வரி சேருங்கள். போர் மோட்டார் கொல்லையில் இருக்கும்வரை சாவி தேவைப்படும், ஆகவே முதலில் முற்றத்துப் போர்.

சுண்ணாம்பு | 22 ஜூலை

குடி வர்றவர் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் அடியிலேர்ந்து நாலடி உயரத்துக்குப் படம் எடுத்து ஒப்பந்தத்தோட வைங்க. இரண்டாம் கட்டு ஓடு புரட்டாசிக்குள்ள ஒரு தடவை பாத்தாகணும், குரங்கு நடந்து ஓடு நகந்திருக்கும். நாட்டு ஓடு மேயத் தெரிஞ்ச ஆளு ஐப்பசியில கிடைக்க மாட்டாரு, எல்லா வீட்டுக்கும் அப்பத்தான் ஒழுகும். இப்பவே சொல்லி வைங்க. உதிரி ஓடு ஐம்பது, பரண்ல அடுக்கி வைங்க. அந்த அளவு இப்ப சூளையில போடுறதில்ல.

ரேழி | 3 ஆகஸ்ட்

பரணில் எண்ணிப் பார்த்தேன், 32 இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு வீடு இடிக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன்.